நெஞ்சில் நீட்டிய நூல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருங்கள். இங்கே அனைவரும் சுகம் என்று எழுத மாட்டேன், அந்தப் பொய்யை உன் அப்பா போனிலேயே உன்னிடம் சொல்லி முடித்துவிட்டார்.

"நல்லா இருக்கேன்டா, மாடியே ஏறிட்டேன்" என்றாரே, நீயும் நம்பிவிட்டு, "அவரைக் கைக்குழந்தையாட்டம் பொத்திப் பொத்தி வைக்காதம்மா" என்று எனக்கு உபதேசம் செய்தாயே, அப்போது அவர் இருந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். பைபாஸ் முடிந்த ஐந்தாவது வாரம் நெஞ்சுத் தையலில் ஒரு நூல்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்பது வருஷத் தையல்காரருக்குப் பிசிறைக் கண்டால் கை சும்மா இருக்குமா? கண்ணாடி முன்னால் நின்று, துணி பிசிறு வெட்டும் கத்தரியாலேயே இழுத்து வெட்டிவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல், புண்ணில் சீழ், மறுபடி பத்து நாள் படுக்கை. அந்த நிலையிலும் டாக்டரிடம், "முடிச்சு சரியாப் போடலீங்க" என்று குறை சொல்கிறார், எனக்கு மானமே போயிற்று.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள், நீ வீடியோவில் வந்தால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு சிரிக்கிறார். இதயத்துக்கு ரத்தக்குழாய் எடுத்தது மிஷின் மிதிக்கிற காலில், சாயங்காலமானால் வீங்கிவிடுகிறது. ஒரு வாடிக்கைக்காரி தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனதற்குத் தேம்பித் தேம்பி அழுதார், நான் பார்த்துவிட்டேன் என்று என்மேலேயே பாய்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவர்மேல் கோபம்தான், உன்மேல் அதைவிடக் கோபம். வாய்க்கு வாய் "எங்கப்பா சிங்கம்" என்கிறாயே, சிங்கம் எந்த வாயால் வலிக்கிறது என்று சொல்லும்? திங்கட்கிழமை டாக்டரிடம் புண்ணைக் காட்ட வேண்டும், விட்டால் எலும்புவரை போய்விடும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். இவரோ, "நல்லாத்தான் இருக்கீங்கன்னு என் மகனே சொல்லிட்டான்" என்று அசையமாட்டேன் என்கிறார். என் பேச்சுக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். கத்தரியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன், அதை உளறிவிடாதே. ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடு. சிங்கம், புலி என்று ஆரம்பிக்காமல், "தலையணை எங்கப்பா, எடுத்துப் பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் கேள். நீ கேட்டால்தான் அந்த மனுஷர் தைரியமாக இருமுவார்.

கோபம் தீராத,
உன் அம்மா