உங்கள் மரணச் சான்றிதழில் என் பெயர்

என் அருமை அண்ணைக்கு,

உங்கள் மரணச் சான்றிதழ் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பிரெஞ்சில் ஒன்று, முத்திரை குத்திய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று. பவளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். இறந்தவர்: கந்தசாமி குணராசா. பிறந்த இடம்: நீர்வேலி. பிறந்த திகதியும் என்னுடையது. அதற்குமேல் அவளால் வாசிக்க முடியவில்லை. புருசன் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடிக்கிறான், அவன் செத்ததற்கான கடதாசி கையில் இருக்கிறது. அவள்தான் என்ன செய்வாள்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலத்தில் அப்பா உங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஓடித் திரிந்தபோது உங்களுக்கு இருபது வயது, எனக்குப் பதினாறு. "பதினெட்டுக்குக் கீழை எண்டால் திருப்பி அனுப்பமாட்டாங்கள். தம்பியின்ரை பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போகட்டும்" என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். அம்மா அதை உங்கள் சட்டைக்குள் வைத்துத் தைத்தாள். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. யோகராசாவாக வீட்டுப் படலையைத் தாண்டிய நீங்கள் பாரிஸில் குணராசாவாக இறங்கினீர்கள்.

முப்பத்தைந்து வருடம் நீங்கள் சமைத்த அந்தச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் என் பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். வேலை என் பெயரில், குடியுரிமை என் பெயரில். கலியாணம் மட்டும் வேண்டாமென்று நின்றீர்கள். "உன்ரை பேரிலை ஒருத்தியைக் கட்டச் சொல்லுறியோ? பவளம் என்னைச் சும்மா விடுவாளோ?" என்று தொலைபேசியில் பகிடி விட்டீர்கள். நானும் சிரித்தேன். அதில் எவ்வளவு பகிடி, எவ்வளவு உண்மை? அன்றைக்கே ஏன் கேட்காமல் விட்டேன்?

வீடும் வாழைத்தோட்டமுமாக ஆறு பரப்புக் காணி. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கையில் அப்பா எல்லாவற்றையும் யோகராசாவின் பெயரில் எழுதி வைத்தார். கடைசியாக நீங்கள் ஊருக்கு வந்தபோது, அதை எனக்கு எழுதித் தரவென்று நொத்தாரிசிடம் போனோமே, நினைவிருக்கிறதா? உங்கள் கடவுச்சீட்டையும் என் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மனிதர். "குணராசா குணராசாவுக்கு எழுதுறதோ? காணிக்காரன் யோகராசா எங்கை?" என்று கேட்டார். நான்தான் யோகராசா என்று சொல்ல உங்களுக்குப் பயம். சொன்னால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு போய்விடும். வெளியே வந்து சோடா குடித்தோம், வயிறு நோகச் சிரித்தோம். "பிறகு பாப்பமடா" என்றீர்கள்.

அந்தப் பிறகு வரவில்லை. குசினியிலேயே விழுந்துவிட்டீர்கள் என்று உங்கள் சிநேகிதர் சிவம் தொலைபேசி எடுத்தார். கொள்ளி வைக்க நான் வரவேண்டுமென்று கொழும்புக்கு ஓடினேன். விசாக் கந்தோரில் என் படிவத்தைப் பார்த்த பிள்ளை தமிழ்ப் பிள்ளைதான்.

"ஐயா, செத்தவரின்ரை பேரும் பிறந்த திகதியும் தேப்பன்ரை பேரும் உங்கடைதானே. ஆர் செத்தது?"

"என்ரை அண்ணை, பிள்ளை."

"ரெட்டைப் பிள்ளையள் எண்டாலும் ஒரே பேர் வைக்கமாட்டினமே, ஐயா."

அந்தப் பிள்ளையில் பிழையில்லை. இரவு பஸ்ஸில் திரும்பி வந்தேன். உங்களுக்குக் கொள்ளி வைத்தது சிவம்.

சாம்பலையும் அவரே கொண்டுவந்தார். பெட்டியின் மேல் ஒரு தகடு, அதிலும் என் பெயர். பவளம் தேங்காய்க் கத்தியால் அந்தத் தகட்டைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள், கையையும் வெட்டிக்கொண்டாள். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். யோகராசா, பூசம் என்று கத்திச் சொன்னேன். பக்கத்தில் கிரியை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் சொந்தப் பெயரில் நீங்கள் செத்தது அந்த ஒரு இடத்தில்தான் அண்ணை.

இனி இங்கத்தை நிலைமையைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்துவிட்டது. மூன்றாவதைப் பற்றிக் கேட்டேன், டாக்டர் மேசையைப் பார்த்தார். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. நான் போனால் பவளம் யாருடைய வீட்டில் இருப்பாள்? இந்த நாட்டுப் புத்தகங்களில் யோகராசா உயிரோடு இருக்கிறார், வீடு அவருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் மக்கள் இப்போதே அளவுநாடாவோடு நிற்கிறார்கள். அவளை வீட்டைவிட்டு எழுப்பிவிட அவர்களுக்கு ஒரு கிழமை போதும்.

சட்டத்தரணி ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"உண்மையைச் சொன்னால் ரெண்டு நாட்டிலையும் கேள்வி வரும். உங்கடை ஆயுளுக்கை முடியாது. அண்ணை சண்டைக்கை காணாமற்போனவர் எண்டு ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுத் தாங்கோ. அதை வைச்சு அவருக்கு இஞ்சை ஒரு மரணச் சான்றிதழ் எடுத்தால் காணி உங்களுக்கு வரும், மிச்சத்தை நான் பாக்கிறன். ஆர் கேக்கப்போயினம்?"

ஒளிக்காமல் சொல்கிறேன் அண்ணை, எனக்கு ஆசை வந்தது. கடதாசியை எழுதுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். பவளம் வாசித்தாள். அவளுடைய தம்பி உண்மையாகவே காணாமற்போனவன், அது உங்களுக்குத் தெரியும். அவள் சத்தம் போடவில்லை.

"அவன்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு நான் எத்தினை ரோட்டிலை நிண்டனான். காணாமற்போனவையின்ரை அந்த வரிசையிலை பொய்க்கு ஒராளைக் கொண்டுவந்து நிப்பாட்டப் போறியளோ? எனக்கு வீடு வேண்டாம். ரோட்டிலை நிண்டு எனக்குப் பழக்கம்தானே."

கடதாசியை மடித்து என் கையிலேயே தந்துவிட்டு வாழைக்குலை வெட்டப் போய்விட்டாள். நான் அடுப்புக்குள் போட்டேன். போட்டபிறகு மனம் ஆறியது என்று எழுத ஆசைதான். ஆறவில்லை. அவளுடைய வீட்டையல்லவா எரித்தேன்?

நாளைக்கு ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் போகிறேன். ஏஜென்சிக்காரன் சொன்னதிலிருந்து அம்மா தைத்த சட்டை வரைக்கும் உள்ளபடி சொல்லி, வேறொரு சத்தியக் கடதாசி முடிப்பேன். வெல்வேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இது முடியுமுன் நான் போய்விட்டால், இங்கேயும் என் பெயரில் ஒரு மரணச் சான்றிதழ் எழுதுவார்கள். அப்போது குணராசா இரண்டு முறை செத்திருப்பான், யோகராசா ஒருமுறைகூடச் செத்திருக்கமாட்டார்.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். மூச்சு இருக்கும்வரை கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவேன். வீடு கிடைக்கிறதோ இல்லையோ, எங்கேயாவது ஒரு பதிவுப் புத்தகத்தில் யோகராசா இறந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதுவித்தே தீருவேன். தம்பியாக உங்களுக்குச் செய்ய எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

சட்டைக்குள் வைத்து அனுப்பிய பெயரைப் பவளம் சுரண்டிய தகட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்ட,
உங்கள் தம்பி
குணராசா