அப்பா போகச் சொன்னார்

காஜா பேராங், மலாக்கா
8 ஜூன் 1957

மதிப்புக்குரிய செல்வி விஜயா அவர்களுக்கு,

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதப் போவதாகவும், அதற்கு முன்பிருந்த கல்லூரியில் படித்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்ப வேண்டுமென்றும் கேட்டிருக்கிறீர்கள். அது என் மகன் பொ. ஜெயபாலன் பெயருக்கு வந்திருக்கிறது. 1942 ஜனவரிக்குப் பிறகு அவனிடமிருந்து எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. நில அலுவலகத்தில் என் கீழ் இருந்த குமாஸ்தா யாராவது ஒரு பட்டியலை இப்படிப் பதினைந்து வருஷம் திருத்தாமல் வைத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் அவன் பெயரைச் சொல்லித் தபால்காரர் கடிதம் கொடுத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். வடக்கே ஜப்பான்காரனோடு சண்டை தொடங்கிவிட்டது. போகாதே என்று அவன் தாய் அழுதாள். பரீட்சை இருக்கிறது, போ என்று நான் சொன்னேன். ஜனவரி இரண்டாம் தேதி மலாக்கா ஸ்டேஷனில் சிங்கப்பூருக்கு ரயில் ஏற்றிவிட்டேன். அந்தத் தண்டவாளத்தைக்கூட ஜப்பான்காரன் பிறகு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். என் மனைவி சிவகாமி அன்றைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

மற்ற மாணவர்கள் எழுதுவதில் அவன் பெயர் வந்தால் எனக்குத் தெரிவிப்பீர்களா? ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அப்பாதான் பிடித்துத் தள்ளினார் என்று அவன் யாரிடமாவது நொந்துகொண்டானா?

உங்கள் கையொப்பத்தைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளை என்று ஊகித்ததால் தமிழில் எழுதினேன்.

இப்படிக்கு,
பொன்னுதுரை

---

பல்கலைக்கழக நூலகம், சிங்கப்பூர்
29 ஜூன் 1957

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கண்டு வெட்கப்பட்டேன். என் அப்பா எதிரில் நின்று திட்டியது போலவே இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய கோப்புகள் அடித்தளத்தில் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன. இரண்டு வாரம் தும்மிக்கொண்டே தேடினேன். உங்கள் மகன் விடுதியில் பதினான்காம் எண் அறையில் இருந்திருக்கிறார். மணி அடித்த பிறகும் குளியலறையில் பாடியதற்காக இரண்டு முறை எச்சரிக்கப்பட்டிருக்கிறார். கணக்கில் வகுப்பில் மூன்றாவது. வேதியியல் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். 1942 ஜனவரி மூன்றாம் தேதி விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அவருடைய அறைத்தோழர் மாணிக்கவாசகம் இப்போது ஈப்போவில் ஆசிரியர். நீங்கள் கேட்டதை அவரிடம் அப்படியே கேட்டு எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
விஜயா

---

காஜா பேராங்
6 ஜூலை 1957

அன்புள்ள விஜயாப் பிள்ளைக்கு,

எங்கள் வீட்டுக் குளியலறையிலும் அவன் அப்படித்தான். பாடி முடித்துவிட்டுத்தான் தண்ணீரையே தொடுவான். வேதியியலைப் பற்றி நீங்கள் மறைக்க வேண்டாம். தேர்ச்சி அட்டையை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருந்ததை நானே கண்டுபிடித்தேன்.

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். சிவகாமி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும், "அவன் பாடின இடத்தைத் திருப்பி வாசிக்கட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்று தரம் வாசித்தேன். பிறகு, "புத்தகம் வந்தா காசு குடுத்து ஒண்டு வேண்டோணும். ஒரு பக்கம் விடாமல் எனக்கு வாசிச்சுக் காட்டோணும்" என்றாள். அதையும் சுவரிடம்தான் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி வெகுகாலம் ஆயிற்று.

மாணிக்கவாசகம் தம்பி பதில் போட்டாரா? நான் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போகிறேன். இந்த வயதில் இது எனக்கு அழகில்லை என்று எனக்கே தெரியும்.

அன்புடன்,
பொன்னுதுரை

---

பல்கலைக்கழக நூலகம்
10 ஆகஸ்ட் 1957

அன்புள்ள ஐயா,

இரண்டு செய்திகள். உட்கார்ந்து வாசியுங்கள்.

விடுதிக் கண்காணிப்பாளரின் கோப்பில் ஜெயபாலன் உங்கள் வீட்டிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. தேதி 1941 டிசம்பர் 22. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

"வடக்கே மலாயாவிலிருந்து வந்த மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதில்லை என்ற தங்கள் அறிவிப்பு கிடைத்தது. ஆயினும் முதலுதவித் தொண்டர் படையில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் வந்துவிடுவேன்."

நீங்கள் போ என்று சொல்வதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார், ஐயா. பரீட்சையே அப்போது இல்லை.

மாணிக்கவாசகம் அவர்களும் எழுதியிருக்கிறார். "போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல ஜெயபாலனுக்குத் தைரியம் வரவில்லை. பரீட்சை இருப்பதாக அப்பாவை நம்ப வைத்தான். 'அப்பா போகச் சொல்றார், நான் என்ன செய்யிறது' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். அப்பாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டேனே என்று வந்த நாளிலிருந்து புலம்பினான். சண்டை முடிந்ததும் முதல் வேலை வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வதுதான் என்றான். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி குண்டு விழுந்த கட்டடத்துக்குள் ஸ்ட்ரெச்சரோடு போனான். கட்டடம் இடிந்து விழுந்தது. மூன்று நாள் தேடினேன். அவன் வீட்டாருக்கு இதை எழுத இத்தனை வருஷமும் எனக்கு மனம் வரவில்லை."

ஐயா, இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, ஆனால் அழுதேன்.

அவருடைய கடிதத்தையும் நண்பரின் நினைவையும் முழுமையாகப் புத்தகத்தில் சேர்க்க ஆசிரியர் குழு விரும்புகிறது. உங்கள் அனுமதி வேண்டும். அம்மாவுக்கும் உண்மை தெரியட்டுமே.

அன்புடன்,
விஜயா

---

காஜா பேராங்
5 செப்டம்பர் 1957

அன்பு மகள் விஜயாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்தைக் காரணம் சொல்லலாம். ஆனால் நான் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பிள்ளை செத்த செய்தியை வாசித்து ஒரு தகப்பன் சந்தோஷப்பட்டான் என்று வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். பதினைந்து வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சந்தோஷம் அது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு நாள் வந்தது.

மூன்றாம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிவகாமியிடம் காட்டப் போனேன். அவள் பக்கத்து வீட்டு நாகம்மாவோடு பின்பக்கம் பேசிக்கொண்டிருந்தாள். "என்ர பிள்ளை ஒரு நாளும் என்னட்டப் பொய் சொன்னதில்லை" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நான் கதவருகிலேயே நின்றேன். பிறகு கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மகளே, அவன் இறந்ததை மட்டும் அன்று மாலை சொன்னேன். கட்டடத்துக்குள் யாரையோ காப்பாற்றப் போனான் என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விடிந்ததும் பழையபடி சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் கோபப்படுவதற்கு நான் இந்த வீட்டில் இருக்கிறேன். நாளைக்கும் இருப்பேன். அவன்மேல் கோபம் வந்தால் அவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்? அவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை பொய் என்று தெரிந்தபின் அவளுக்கு என்ன மிஞ்சும்?

ஸ்ட்ரெச்சரோடு போனதைப் போடுங்கள். இறந்தோர் பட்டியலில் அவன் பெயரைச் சேருங்கள். விடுதிக் கண்காணிப்பாளருக்கு எழுதிய கடிதம் கோப்பிலேயே இருக்கட்டும். அவன் ஏன் திரும்பி வந்தான் என்று எழுதும் இடத்தில், தகப்பனார் சொல்லி வந்தார் என்று மட்டும் போடுங்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. போ என்று நான் சொன்னது உண்மைதானே.

புத்தகத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த வரியையும் விடாமல் வாசிப்பேன்.

உங்களுக்கு நல்ல வாழ்வு அமையட்டும்.

இப்படிக்கு,
ஜெயபாலனைப் போகச் சொன்ன அப்பா,
பொன்னுதுரை