எந்த மாமா?

எடியேய் சிநேகிதி, நாங்கள் தமிழில சப்டைட்டில் எழுதின அந்த இங்கிலீஷ் பிள்ளைக்கடத்தல் படத்தை வாற சனிக்கிழமை ஹம்பேர்க்கில உண்மையான தியேட்டரில, பெரிய திரையில போடப்போகினம்!!!

நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய். நீ செத்து ஒரு வருசமாகப்போகுது, எண்டாலும் சேதி வந்த உடன கை உன்ர நம்பருக்குத்தான் போனது. பிறகு உன்ர பழைய லப்டொப்பைத் திறந்து படத்தை ஓடவிட்டன். அந்த மழை, அந்தப் பள்ளிக்கூட வாசல், அந்தச் சாம்பல் கார். இப்பவும் உள்ளங்கை வேர்க்குதடி.

ஒரு வரிக்கு எவ்வளவு சண்டை பிடிச்சம்! "அம்மா வரப் பிந்துமாம், உன்னைக் கூட்டிவரச் சொன்னவ" எண்டு அந்த ஆள் சொல்லுவான். சின்னப்பிள்ளை காரில ஏறி இருந்து, "மிஸ்டர், எங்க போறம்?" எண்டு கேக்கும். நான் "ஐயா" எண்டு போட்டனான். நீ விழுந்து விழுந்து சிரிச்சனி.

"ஆறு வயசுப் பிள்ளை ஐயா எண்டு கூப்பிடுமோ? என்ன, கந்தோரில வேலைக்கோ போகுது?"

"அப்ப நீ சொல்லன் பாப்பம்."

"எங்கட பிள்ளை முன்பின் தெரியாத ஆம்பிளையை என்னெண்டு கூப்பிடும்?"

"மாமா எண்டு."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு நிண்டிட்டுது. எத்தினை தரம் பாத்த படம்! அண்டைக்குத்தான் உண்மையாப் பயந்தம். "மாமா, எங்க போறம்?" எண்டு நீ மெல்ல வாசிச்சனி. பட்டப்பகலில நான் எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினன்.

பிறகு ஹனோவரில ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீடு. என்ர தங்கச்சியைக் காணேல்ல. மண்டபம் அதிரப் பாட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேக்காது. அம்மா சீலையோட மேசைக்குக் கீழயெல்லாம் குனிஞ்சு தேடினா. நான் ஒவ்வொரு கதவாத் திறந்து பாத்தன். கார் விடுற இடத்தில நீதான் கண்டனி. ஆரின்ரயோ கார் முன்சீட்டில இருந்து ஐஸ்கிரீம் குடிச்சுக்கொண்டிருந்தாள்.

"ஆரோட வந்தனீ?" எண்டு நீ கேட்டனி.

"மாமாவோட."

"எந்த மாமா?"

"மாமா எண்டால் மாமாதான்!"

நீ அவரைத் தேடிப்பிடிச்சு ஆரெண்டு விசாரிச்சனி. விழாக்காரரின்ர சொந்தம், நல்ல மனுசன், ஒண்டும் நடக்கேல்ல. அம்மா உன்னைத்தான் ஏசினா, "எங்கட ஆக்களை இப்பிடியே விசாரிக்கிறது?" எண்டு. ட்ரெயினில வரேக்க நீ, "அவர் நல்லவரா இருந்தது எங்கட அதிர்ஷ்டம்" எண்டனி.

இப்ப என்னெண்டால், படம் போடுற அண்ணை நேற்று மெசேஜ் போட்டவர். "தங்கச்சி, பிள்ளை கடத்துறவனை மாமா எண்டால் சனம் கோவிக்கும். இங்கிலீஷில சேர் எண்டு மாத்துங்கோ. இல்லாட்டிச் சப்டைட்டில் இல்லாமத்தான் போடவேணும்."

பயந்துபோனன். நீ எழுதினதில திரைக்குப் போறது இது ஒண்டுதான். ஆனா நீ கேட்டு வரவைச்ச அந்தச் சொல்லை எடுத்தால் அதில நீ எங்கயடி இருக்கிறாய்?

"ஏலாது அண்ணை" எண்டு எழுதினன். "வீட்டில உங்கட மகளை ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ. தெரியாத ஆள் ஒராள் அம்மா கூட்டிவரச் சொன்னவ எண்டால் என்ன செய்வா எண்டு."

இண்டைக்குக் காலமை பதில் வந்துது: "மாத்தவேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்."

மகள் என்ன சொன்னவ எண்டு அவர் எழுதேல்ல. நானும் கேக்கேல்ல.

தங்கச்சி இப்ப தனிய பஸ்ஸில பள்ளிக்கூடம் போறாள். கொஞ்சம் பிந்தினாலும் நான் யன்னலடியில நிக்கிறன். நீ விட்டிட்டுப்போன பயம் இது. எனக்கு இது வேணும்.

இதை வாசிக்கிற அண்ணைமார், அக்காமார், சனிக்கிழமை கட்டாயம் வாங்கோ, ஆனா பிள்ளையளைக் கூட்டிவராதேங்கோ. வரமுதல் அவையளிட்ட அதே கேள்வியைக் கேளுங்கோ. என்ன சொல்லிச்சினம் எண்டு கீழ கொமென்ற்றில எழுதுங்கோ. "போவன்" எண்டு சொன்னாலும் மறைக்காமல் எழுதுங்கோ.