இரண்டு தரம் வந்த ஒரே படம்

என் நிரோஷாவுக்கு,

உன் பக்கத்தைக் களவெடுத்துவிட்டார்கள். பதினெட்டாம் பக்கம். நம் வானியல் சிறுநூல் போன மாதம் அச்சாகி வந்தது. பதினேழில் நான் எழுதிய பிழை மெய்போல நிற்கிறது. பதினெட்டில், நீ எழுதவைத்த திருத்தம் இருக்கவேண்டிய இடத்தில், முடிவுரை.

டெங்கு உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம். பொரளை ஆஸ்பத்திரியில் நீ நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுத்த அறையில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். கொட்டாஞ்சேனையில் உன் அம்மா உன் போனை இன்னும் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறா. யார் எடுக்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானியல் எழுதித் தரச்சொல்லி வெள்ளவத்தைக் கல்விக் கழகம் ஒன்று கேட்டபோது, சூரியனை நீ எடுத்தாய், நெபுலாவை நான் எடுத்தேன். உன் அத்தியாயத்தில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை. காந்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சூரியனுக்குத் திசைகாட்டி கொண்டுபோக முடியாது. ஆனால் காந்தத்தின் நடுவே எரியும் சுவாலையின் நிறமாலைக் கோடு பிளக்கும் என்பது ஆய்வுகூடத்தில் முதலே தெரிந்திருந்தது. சூரியனின் கரும்புள்ளியிலிருந்து வந்த ஒளியிலும் கோடுகள் அப்படியே பிளந்திருந்தன. அந்தப் பிளவை அளந்துதான் அங்கே எவ்வளவு காந்தம் என்று முதன்முதலாகச் சொன்னார்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்க எழுதியிருந்தாய்.

நான் எழுதியது வெற்றிக் கதை. சுருள் நெபுலாக்களைப் பல வருட இடைவெளியில் படம்பிடித்த கண்ணாடித் தட்டுகளை ஒப்பிட்டு, உள்ளே அசைவதை ஒருவர் அளந்தார், அவை சுழல்வதைக் கண்டார் என்று ஒரு பழைய புத்தகம் சொன்னது. அப்படியே இறக்கினேன். நீ அதை வாசித்தாய். அடுத்த ஞாயிறு ஒரு சுருள் நெபுலாவின் இரண்டு படங்களையும் ஒரு அடிமட்டத்தையும் என் மேசையில் வைத்தாய். ஒன்று பழசு, மற்றது இருபது வருடம் பிந்தியது, அளந்து பார் என்றாய்.

ஒன்பது புள்ளிகளை அளந்தேன். ஏழு நகர்ந்திருந்தன. அரை மில்லிமீற்றர், சிலது கொஞ்சம் கூட; எல்லாம் சுருளின் போக்கிலேயே. பெருமையோடு தாளை நீட்டினேன்.

“ரெண்டும் ஒரே படமடி,” என்றாய். “ஒண்டையே ரெண்டு தரம் பிரிண்ட் எடுத்தனான்.”

மோசடிக்காரி என்று கத்தினேன். நீ சிரித்து முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

“நீ பொய் சொல்லேல்ல. சுழலுது எண்டு நம்பிக்கொண்டு அடிமட்டத்தை வைச்சனி. எனக்கும் நடக்கிறதுதான். ஆராவது கை முறிஞ்சிட்டுது எண்டு அழுதுகொண்டு வந்தால், படத்தில இல்லாத வெடிப்பும் தெரியும்.”

தட்டுகளை அளந்த அந்த மனிதரின் கதையைப் பிறகுதான் சொன்னாய். அவை நெபுலாக்களே அல்ல, வெகு தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள். அந்தத் தூரத்தில் அவ்வளவு அசைவு தெரிய வழியில்லை. மற்றவர்கள் மீண்டும் அளந்தபோது அசைவைக் காணவில்லை. கடைசியில் அவரே தன் அளவுகளை நம்பத் தயங்கினார். எங்கே பிழைத்தது என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

அத்தியாயத்தைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்தாய். “கிழிக்காத. அடுத்த பக்கத்தில என்ன நடந்தது எண்டு எழுது. ரெண்டு படத்தையும் போடு, பிள்ளையள் அளக்கட்டும்.”

மூன்று நாள் உன்மேல் கோபம். நான்காம் நாள் எழுதினேன். அதுதான் பதினெட்டாம் பக்கம்.

பள்ளிக்கூடத்தில் பிழைவிட்டால் பிரம்பு. ரியூஷனில் பின்வரிசை வாங்கிலிருந்து சிரிப்பு. வீட்டில், ஆட்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். என் பிழையை என் முன்னால் வைத்துவிட்டு, எழும்பிப் போகாமல் பக்கத்திலேயே இருந்தவள் நீ ஒருத்திதான். நான் நன்றி சொல்லியிருக்கிறேனா? நினைவில்லை. இப்போது சொல்கிறேன். எதை எழுதினாலும் இன்று, நம்பியதையே எழுதிவிட்டேனா என்று தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை பார்க்கிறேன். அந்தப் பழக்கம் நீ தந்தது.

கழகத் தலைவரிடம் போனேன். பக்கத்தை எடுத்தது ஏன் என்று கேட்டேன்.

“ஒரே படம் ரெண்டு தரம் வந்திட்டுது எண்டு அச்சுக்காரன் சொன்னவன், தங்கச்சி. நான்தான் ஒண்டை எடுக்கச் சொன்னனான். பிறகு பாத்தால் அந்தப் பக்கத்துக்கு அர்த்தமே இல்லை, அதையும் எடுத்தாச்சு.”

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தை அவர் வாசிக்கவே இல்லை. விளங்கப்படுத்தினேன். பிழைவிட்ட கதை பிள்ளைகளுக்கு எதற்கு, சோதனையில் கேட்கமாட்டார்களே என்றார். பிள்ளை யோசிப்பதைவிட ஒப்புவிப்பது இவர்களுக்கு வசதி.

என் பெயரோடு ஒரு பொய் வகுப்புக்குள் போக விடமாட்டேன், நிரோஷா. காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையில் உன் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, அகப்படும் பிரதிகளில் ஒட்டிவருகிறேன். பசை பூசுவது உன் அம்மா. கடைசிப் பிரதிவரை ஒட்டுவோம்.

இரண்டாம் பதிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறதாம். தலைவர் அவர்களே, இதன் பிரதி உங்களுக்கும் வருகிறது. உங்களுக்கு ஏற்கனவே மூன்று கடிதம் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இரண்டு படங்களோடும் நிரோஷாவின் பெயரோடும் வருமா, வராதா? எழுத்தில் பதில் தாருங்கள்.

உன் கூடப்பிறக்காத சகோதரி,
சுபாங்கி
வெள்ளவத்தை