பந்தியோடு சண்டை

யூன் 8, ஞாயிறு

மாதிரி வினாத்தாளில் ஆங்கிலம் முப்பத்தெட்டு. ஒவ்வொரு பாடத்திலும் நாற்பத்தைந்து எடுத்தால்தான் சித்தி.

சட்ட நுழைவுப் பரீட்சையை மூன்றாம் தரம் எழுதப் போகிறேன். போன இரண்டு தரமும் பொது அறிவில் நல்ல புள்ளி, ஆங்கிலத்தில் பெயில். ஆகவே இந்த முறை பொது அறிவுப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஆங்கிலம், ஆங்கிலம், ஆங்கிலம்.

ஆங்கிலம் படிப்பிக்கும் ஜெனீற்றா மிஸ் என்னைவிட ஐந்து வயது இளையவர். அது வேறு எரிச்சல். கிழமை முழுக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் ரைப் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இறுப்பிட்டியிலிருந்து வெளிக்கிட்டு, வங்களாவடியில் பஸ் மாறி, ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டு வருகிறேன். இன்று வாசிக்கத் தந்த ஆங்கிலப் பந்தி தீவுகளின் படகுச் சேவை பற்றியது. படகுகள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று இருந்தது. சரியா, பிழையா? பிழை என்று போட்டேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் மணிக்கணக்காக வெயில் காய்ந்தவள் நான், எனக்கா தெரியாது?

"அக்கா, நீங்கள் பந்தியோட சண்டை பிடிக்கிறியள். உங்களுக்குத் தெரிஞ்சதைக் கேக்கேல்லை. அதில என்ன இருக்குதெண்டுதான் கேக்கினம்" என்றார் மிஸ்.

யூன் 22

முப்பத்தொன்பது. பனம்பழத்தால் பெரிய பயனில்லையாம். எழுதியவன் பனங்காய்ப் பணியாரம் தின்னாதவன். மறுபடி சண்டை, மறுபடி சிவப்புக் கோடு.

யூலை 3

அண்ணை கனடாவிலிருந்து கதைத்தார். நாலு பக்கத்தில் ஒரு ஆங்கிலக் காகிதம் அனுப்பியிருக்கிறார். அம்மாவின் சீதன வீடும் எட்டுப் பரப்புக் காணியும் பற்றியது. அம்மா கையெழுத்து வைத்தால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய கூட்டாளி மிரோஜன் வேலி, வரி, பதிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாராம். அம்மா அலையத் தேவையில்லை. நான் சாட்சிக்கு. வழமையான காகிதம்தான், வாசித்து மினக்கெடாதே என்றார்.

வீட்டில் எது நடந்தாலும் முதலில் அண்ணைக்குச் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாம் அவர்தான். காகிதத்தைப் பிறின்ற் எடுத்து மேலோட்டமாகப் புரட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். வேலியும் வரியும் என்றேன்.

பதினெட்டாம் திகதி கையெழுத்து வைக்க நொத்தாரிசிடம் போகிறோம்.

யூலை 13, ஞாயிறு

நாற்பத்தொன்று. பந்தியில் ஒரு முதலாளி ஊராருக்கு வேலை தருவதாக மேடையில் பேசுகிறார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஒப்பந்தம் வேலைக்கு உறுதி தருகிறதா என்று கேள்வி. ஓம் என்று போட்டேன். அவர் சொன்னது வேறு, எழுதினது வேறு, அக்கா என்றார் மிஸ்.

அண்ணையின் காகிதம் பைக்குள்தான் கிடந்தது. பஸ்ஸில் எடுத்தேன். அகராதியோடு நாலு பக்கமும்.

வேலி என்ற சொல்லே இல்லை. வரி ஓரிடத்தில். மிரோஜன் விற்கலாம். ஈடு வைக்கலாம். விரும்பியவருக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை. அம்மா சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒரு வரியாவது இருக்குமா என்று தேடினேன். இல்லை.

நான்தானே வேலியெண்டு சொன்னனான்! வாசிக்காமலே சொன்னனான். அண்ணை எண்டால் சரியாத்தான் இருக்கும் எண்டு — சீ.

யூலை 14

அம்மா நம்பவில்லை. மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டுவோம் என்றேன். வீட்டு விசயத்தை வெளியாருக்குக் காட்டுவதா என்று ஏசினார். அண்ணைக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

அண்ணை சிரித்தார். "இங்கிலிஷில ரெண்டு தரம் பெயில் விட்டவள் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறாளோ அம்மா?"

பொய்யெண்டு சொல்ல ஏலுமோ? கோல் முடிந்ததும் அம்மா சொன்னார், அவன் அப்படி நினைத்திருக்க மாட்டான் என்று.

"அவர் என்ன நினைச்சவர் எண்டு இதில இல்லை, அம்மா. இருக்கிறதைத்தான் வாசிச்சனான்."

அம்மா காகிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணைக்குத் திருப்பிக் கோல் எடுத்து, பிள்ளையின் சோதனை மறுமொழி வரட்டும், அதுக்குப் பிறகு கையெழுத்தைப் பார்ப்போம் என்றார்.

பெத்த மகளை நம்புறதுக்கு அம்மாவுக்குச் சேர்டிபிகேற் வேணுமாம். நான் பெயில் விட்டால் வீடு போகும். இப்படியும் ஒரு சோதனை உண்டா?

ஓகஸ்ட் 10

ஐம்பது. சண்டை பிடிக்காமல் வாசித்தேன். மிஸ் கைதட்டினார். எனக்குச் சந்தோசம் வரவில்லை.

செப்ரெம்பர் 20

எழுதிவிட்டேன். ஆங்கிலப் பந்தி தேனீக்களைப் பற்றியது. நல்லகாலம், தேனீக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொது அறிவில் பாதிக் கேள்விகள் புதிது.

டிசெம்பர் 2

ஆங்கிலம் ஐம்பத்தாறு.

பொது அறிவு நாற்பத்திரண்டு. மூன்று புள்ளியால் பெயில். சிரிப்பதா, தலையைச் சுவரில் மோதுவதா? புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று யார் சொன்னது? நான்தான். விசரி!

குசினிக்குள் போய் மறுமொழி வந்துவிட்டது என்றேன். அம்மா அடுப்பைத் தணித்தார்.

"இங்கிலிஷ்?"

பாஸ் என்றேன். மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்கு நிற்கவில்லை. அலுமாரியைத் திறந்து காகிதத்தை எடுத்துவந்து என்னிடம் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"இப்ப வாசி. இருக்கிறதை மட்டும் வாசி."

ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். நாலாம் பக்கம் முடிந்ததும், தன்னுடைய பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். முதல் வரியில் காட்டினேன். பிறகு கையெழுத்து வைக்கும் கோட்டில். அம்மா அந்தக் கோட்டை விரலால் ஒருதரம் தடவினார். காகிதத்தை முன்போலவே மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

சோதனை மறுமொழியை அண்ணைக்குச் சொல்லட்டோ என்று கேட்டேன்.

"அவனுக்கு என்னத்துக்கு" என்றார்.