சலீம் அண்ணாவுக்கு அனுப்பிய அஞ்சலி

வியாழன், இரவு

சலீம் அண்ணா இறந்து பத்து நாள். எங்கள் அறிவியல் மாத இதழுக்கு அவரைப் பற்றிய அஞ்சலியை நான்தான் எழுதினேன். சாயங்காலம் முடித்ததும், பழக்கதோஷம், அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டேன். எதை எழுதினாலும் அச்சுக்கு முன்னால் அவர் பார்ப்பார். ஆதாரமில்லாத வரி கண்ணில் பட்டால் "இதை யார் சொன்னாங்க தம்பி?" என்பார்.

அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது. அவர் போன் இப்போது சிட்லபாக்கம் வீட்டில் அண்ணியிடம் இருக்கிறது. 'கடைசியில் வலியில்லாமல் போனார்' என்று எழுதியிருந்தேன். நான் இருக்கும் தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன்தான், அவர் கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஒன்பது மணிக்கு அவர் பெயரிலேயே அண்ணியின் பதில் வந்தது: "வலி இல்லன்னு யார் சொன்னாங்க தம்பி?"

காலையில் இதழ் அச்சுக்குப் போகிறது. அந்த வரியை எடுத்துவிட்டேன்.