திரை மங்கிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம், நாற்பது பக்கம். ப்ரூஃப் பார்த்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் எடிட்டரம்மாவிடமிருந்து போன். "மூணு பக்கத்துல அஞ்சு எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போச்சும்மா. உங்க வேலையில இது புதுசா இருக்கே." பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. லேப்டாப்பை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கேயும் எழுத்தெல்லாம் கலங்கல் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரிதான் இருந்தது.

மார்ச் 5

வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் கொஞ்ச நேரம் நன்றாகத் தெரிகிறது. பிறகு பழையபடி மங்கல். அம்மாவும் இதையேதான் சொல்வாள் — "முதல்ல தெரியுதுடி, அப்புறம் கலங்கிடுது." கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு வீணாகிவிட்டது என்று டாக்டர் கையை விரித்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு. எனக்கு இப்போது நாற்பத்தேழு.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மனுஷன். வண்டி நிறைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகும்போது மண்டைக்குள் என் கண்ணைப் பற்றிய கவலை வேறு எதற்கு?

மார்ச் 9

என் மேஜைக்கு மேலிருந்த பல்பை இவர் ஏணி போட்டு மாற்றினார். "பழசு எரிஞ்சிட்டுதானேங்க இருந்தது?" என்றேன். "கடைக்காரர் நல்லா இருக்கும்னு குடுத்தாரும்மா." அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஜொலிக்கிறது. திரை மட்டும் அதே மங்கல். இத்தனை வெளிச்சத்திலும் தெரியவில்லை என்றால் கண்தான். வேறென்ன.

மார்ச் 10

கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். 20-ஆம் தேதி காலை பத்து மணி. பயமா இருக்கு.

மார்ச் 13

இன்று ஒரு டேபிள் லைட் வந்து இறங்கியிருக்கிறது. "இது எதுக்குங்க?" "சும்மாதான். நீ கண்ணைச் சுருக்கிச் சுருக்கி..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தெரிஞ்சிருக்கு! ரெண்டு பேரும் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 16

லேப்டாப்பை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு பார்வைதான் பார்த்தாள். திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தாள். திரை பளிச்சென்று ஆனது.

"கேமராவுக்குப் பக்கத்துல பொடி ஓட்டை தெரியுதா அக்கா? ரூம்ல எவ்வளவு வெளிச்சம்னு பாக்கற சென்சார் அது. அதை மூடிட்டீங்கன்னா ரூமே இருட்டுன்னு நெனச்சு, திரையைத் தானா குறைச்சுக்கும்."

கேமரா வழியாக யாரோ வேவு பார்ப்பார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, போன மாதம் இவர் ஒட்டிய டேப். கேமராவை மட்டும் மூடினால் போதாதா? பஸ் வயருக்குச் சுற்றுகிற அகல டேப். சென்சாரையும் சேர்த்து மூடிவிட்டு, மேலே பல்பு பல்பாக மாட்டியிருக்கிறார்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாத்தையும் கொட்டிட்டேன் — அம்மா, விட்டுப்போன புள்ளி, 20-ஆம் தேதி, எல்லாம். "இத்தனை நாளா தனியாவா பயந்துட்டிருந்த?" என்றார். நீங்க மட்டும் என்ன?

மார்ச் 19

டாக்டர் வேண்டாம், கேன்சல் செய்துவிடலாம் என்றேன். கோளாறு லேப்டாப்பில்தானே.

"லேப்டாப்பைப் பாத்தாச்சு. உன்னை யாரும் பாக்கலையே."

பஸ்ஸுக்கு மாற்று ஆள் சொல்லிவிட்டாராம். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன். பிடிவாதம் என்றால் பிடிவாதம்.

மார்ச் 20

அழுத்தம் இருக்கிறது. இரண்டு கண்ணிலும்.

ஆரம்பம்தான், நரம்புக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இப்படியே நிறுத்திவைக்கலாம் என்றார் டாக்டர். "இந்த நிலைமையில யாரும் வர மாட்டாங்கம்மா, பார்வையில ஒண்ணும் தெரியாது. நீங்க எப்படி வந்தீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

தினமும் சாயந்திரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, என் தலையைச் சோபாவில் சாய்த்து, இமையைப் பிடித்து இழுத்து, தன் வாயையும் திறந்து வைத்துக்கொண்டு சொட்டு விடுகிறார். முதல் சொட்டு கன்னத்துக்கு, அடுத்ததுதான் கண்ணுக்கு. "ஆடாதே, ஆடாதே" என்கிறார். ஆடுவது அவர் கை.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கு மருந்து வாங்க இவர் கீழே போயிருந்தபோது, நானே விட்டுக்கொள்ள நர்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டாள். சுலபம்தான். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.